ஃபிளெக்ஸில் இடம் பத்தாதவர்களுக்கு

ஊர் ஜங்ஷனில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்த தம்பிமாருக்கு முதலில் நன்றி. போட்டோ நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் ‘தன்னந்தனியாகப் போராடி குரூப் 4 தேர்வில் வென்ற’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எனக்குத் துணை நின்றவர்களை எழுதப் போனால் அந்த ஃபிளெக்ஸ் காணாது. பெயர் போட்டால் சண்டைக்கு வரக்கூடிய ஆட்கள் என்பதால் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். யார் யாரென்று குலசேகரம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு, குனிந்து நிமிர முடியாமல் போனபோது வீட்டில் வருமானம் நின்றது. அவர் பங்குக்குப் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தியை எடுத்தேன். எடுத்தேனே தவிர பிடிக்கத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து அக்காதான் சொல்லித் தந்தார். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தடியில் காயம் விழுந்து, அப்புறம் வளரும் பட்டை முண்டு முண்டாகிவிடும். மேலாகச் சீவினால் பால் வராது. வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தேர்வு நெருங்கிய நாட்களில் அக்கா தன் மரங்களை முடித்துவிட்டு என் பக்கம் வந்துவிடுவார். “நீ போய்ப் படி மக்களே, பாலை எடுத்து ஆசிட் ஊத்தி நான் வைக்கேன்” என்பார். முதல் சில மாதங்கள் அந்த மரங்களை நான் படுத்திய பாட்டைப் பார்த்தும் வேறு ஆளை வைக்காத தோட்டத்துக்கார மாமாவுக்கும் நன்றி.

அடுத்த வீட்டுத் தங்கச்சிக்கு அப்போது பத்தாம் வகுப்பு. அவள் தன் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவாள். நான் காதில் மாட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவேன். அவள் வீட்டுச் சத்தமெல்லாம் அதில் சேர்ந்தே வரும். “அடிப்படை உரிமைகள், பகுதி மூன்று, பிரிவு 12 முதல் 35 வரை” என்று அவள் வாசிக்கும்போது பின்னாலிருந்து அவள் அம்மா, “ஏட்டி, மீன் சட்டிய மூடு, பூனை வருது!” எனக்கு இன்றைக்கும் அரசியலமைப்பு அந்தப் பூனையோடுதான் ஞாபகம் வருகிறது. தேர்வின் 200 கேள்வியில் பாதி தமிழ். அதில் நான் தைரியமாக இருந்ததற்கு அவள் விடாமல் வாசித்த செய்யுள்களே காரணம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. குளத்துக்கும் வயலுக்கும் நல்லதுதான், பால்வெட்டுக்காரர் வீட்டில் மட்டும் அடுப்பு யோசித்து எரியும். மரம் நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. அப்படிப்பட்ட வாரங்களில் ரப்பர் கடை அண்ணன், ஒரு ரப்பர் ஷீட்டுகூடக் கொண்டுபோகாத எனக்குப் பணம் எடுத்துத் தருவார். “மழை விட்ட பிறகு பார்த்துக்கலாம்” என்பார். நோட்டில் எழுதவும் மாட்டார். தொகையெல்லாம் நான்தான் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

இதற்கு முன் எழுதியபோது பட்டியலில் என் எண் இல்லை. அன்று அம்மா ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தந்தார், மறுநாள் வழக்கம்போல் இருட்டில் எழுப்பிவிட்டார். ஆறுதல் சொல்லியிருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். ‘பிள்ளைக்குக் கல்யாணத்தைப் பாரும்’ என்று அப்பாவிடம் சொன்னவர்களும் இப்போது ஃபிளெக்ஸ் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். சரி, போகட்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பள்ளியில் சான்றிதழ் வாங்க வேண்டும். எனக்கு அது தேவைப்பட்ட நேரம் கோடை விடுமுறை. தலைமை ஆசிரியை டீச்சர் எனக்காக வந்து ஆபீஸைத் திறந்து, பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டித் தேடிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னை போன அன்று நாகர்கோவில் ஜங்ஷன் வரை பைக்கில் கொண்டுவிட்ட சித்தப்பா, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் நகரும் வரை பிளாட்பாரத்திலேயே நின்றார்.

அடுத்த மாதம் இளநிலை உதவியாளராகச் சேர்கிறேன். என் புத்தகங்கள் வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். ஒட்டுப்பால், அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால், அந்த வாடை அடிக்கும், அது போகாது. கேள்விகளுக்கு அடியில் நான் கிறுக்கி வைத்திருப்பதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் உரிமை தங்கச்சிக்கு.

ரப்பர் கடை அண்ணா, முதல் சம்பளத்தன்று நோட்டோடு கடைக்கு வருவேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.