டோர்ட்முண்டிலிருந்து அப்பாவுக்கு

டோர்ட்முண்ட்,
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் எழுதவே இல்லை என்று அம்மா வருத்தப்படுவதாகச் சொல்லியிருந்தீர்கள். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி அதிகம், வேறொன்றுமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. மே மாதத்திலும் காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே இறங்க முடியவில்லை. ஈழத்துக்காரர் கடையில் முருங்கைக்காய் வருகிறது. ஒரு காய் வாங்கினால் இரண்டு சாம்பாருக்கு வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஜெர்மனியில் ஆட்சி கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கவிழவில்லை. பிரதமர் ஆக நாடாளுமன்றத்தின் 630 பேரில் 316 பேரின் வாக்கு வேண்டும். பிரதமர் பதவிக்கு நின்ற மெர்ஸின் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணியில் 328 பேர். ஆனாலும் மே 6 அன்று ரகசிய வாக்கெடுப்பில் முதல் சுற்றில் 310தான் விழுந்தது. 1949இலிருந்து யாருக்கும் இப்படி ஆனதில்லை. அன்றைக்கே இரண்டாம் சுற்றில் 325 வாங்கிப் பதவியேற்றுவிட்டார்.

மாடி வீட்டுப் புறாக்காரத் தாத்தாவை அம்மாவுக்குத் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். விடியுமுன்னே புறாக்களுக்கு விசிலடித்து என்னை எழுப்பிவிடுகிறவர். சமூக ஜனநாயகக் கட்சியில் இளவயதிலிருந்து உறுப்பினர். மெர்ஸின் கட்சியை எதிர்த்தே தலை நரைத்தவர். ஏப்ரலில் 144 பக்கக் கூட்டணி ஒப்பந்தத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். குறைந்தபட்சக் கூலி 15 யூரோவாகலாம் என்ற வரிக்கு இரட்டைக் கோடு. கடைசியில், கட்சி உறுப்பினர்களிடம் நடந்த வாக்கெடுப்பில் சம்மதம் என்றே வாக்களித்தார். வாக்களித்த உறுப்பினர்களில் 84.6 சதவீதம் பேர் அப்படித்தான். அவர் கட்சிக்குத் தேர்தலில் கிடைத்தது வெறும் 16.4 சதவீதம், தீவிர வலதுசாரிகள் 20.8 வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் அமைச்சரவையில் தாத்தாவின் கட்சிக்கு ஏழு இடம். உள்ளே இருந்தால் எழுதியதைக் கேட்டு வாங்கலாம், வெளியே நின்றால் கத்தத்தான் முடியும் என்றார்.

அப்பா, இதைக் கேட்டபோது நம் கட்சியைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் கோபப்பட்டாலும் சொல்கிறேன். 2021இல் திருத்துறைப்பூண்டியில் கதிர் அரிவாளுக்குச் சுவர் எழுதினீர்களே, உதயசூரியனுக்கு எழுதியதைப் போலவே அக்கறையோடு. தோழர்களும் நமக்காக அப்படித்தான் அலைந்தார்கள். வெற்றி எல்லோருக்கும் பொது, அமைச்சரவை மட்டும் நமக்கா? டில்லியில் 1996லும் 1999லும் 2004லும் பங்கு வாங்கிய கட்சி, சென்னையில் ஏன் தரக் கூடாது?

2006ஐச் சொல்வீர்கள். 96 இடங்களோடு ஐந்தாண்டு ஆண்டோம், கலைஞரின் திறமை அது. ஆனால் அந்த ஐந்தாண்டும் 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தோம்? 34 இடம் பெற்றிருந்த காங்கிரசுக்கு நாலு அமைச்சர் பதவி கொடுத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. அ.தி.மு.க.வோ பா.ஜ.க.வோடு கைகோத்த சில நாளிலேயே கூட்டணி ஆட்சி கிடையாது என்று சொல்லிவிட்டது. அவர்களிடம் வேறெதுவும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆட்சியில் பங்கு தருவோம் என்று விஜய் விக்கிரவாண்டியில் சொன்னபோது மனது பொறுக்கவில்லை. மாநில சுயாட்சி பேசிய நாம் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? கிளைச் செயலாளர் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பிப்ரவரியில் இங்கே வாக்கு எண்ணிய இரவு தெருவில் ஒரு சத்தமில்லை. பெரியப்பா கடை வாசலில் நீங்கள் எல்லோரும் கறுப்பு சிவப்புக் கரை வேட்டியோடு நிற்பீர்களே, ஒவ்வொரு சுற்றுக்கும் வெடி வெடிக்குமே. அந்த ஞாபகம் வந்து, பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். வங்கியில் ஏதோ காகித வேலை, கவலைப்படாதீர்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு விதைநெல் வாங்க வேண்டுமே. அதற்காக அம்மாவின் வளையலை மறுபடி சங்கத்தில் வைத்துவிடாதீர்கள், நான் அனுப்புகிறேன். அத்தை கொண்டுவந்த வரன் பற்றி அக்காவைக் கேட்காமல் வாக்குக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்