மென்பொருளை ஒப்பிடும்போது வெளியேறும் வழியைப் பாருங்கள்

சிறு கிளினிக்குகளுக்கான மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருள்களை ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் மாதக் கட்டணமும் திரை வசதியுமே அளவுகோலாக இருந்தன. என் கருத்தில் முதல் கேள்வி வேறு: நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் நோயாளிகளின் பதிவுகள் எந்த வடிவில் கைக்கு வரும்? ‘ஏற்றுமதி வசதி உண்டு’ என்று விற்பனையாளர் சொல்வது பல நேரங்களில் பி.டி.எஃப். கோப்புகளையே குறிக்கும். அவற்றைப் படிக்கலாம், ஆனால் பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே வகை மருந்தான அமாக்ஸிசிலின் எழுதும்போது, புதிய மென்பொருளால் அதிலிருந்து எச்சரிக்கை எழுப்ப முடியாது. 14 இலக்க ஆபா எண்ணை (இந்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இணைக்கும் வசதி இருப்பதாலேயே பழைய பதிவுகள் பத்திரமாக இடம் மாறிவிடும் என்றும் நம்பக் கூடாது. இத்தகைய தரவு மாற்றங்களில் நான் அதிகம் கண்ட பிழை நம் பெயர்களில்தான்: முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கட்டம் பிரித்த மென்பொருளில் ‘எஸ். முருகன்’, ‘முருகன் எஸ்.’ என ஒருவரே இருவராகிவிடுகிறார். மருந்து வரலாறு ஒரு பதிவிலும் ஆய்வக முடிவு மற்றொன்றிலும் தங்கிவிடுகின்றன.

ஆகவே, பணம் கட்டுமுன் 20 மாதிரிப் பதிவுகளை உள்ளிட்டு, எஃப்.எச்.ஐ.ஆர். (மருத்துவத் தரவை மென்பொருள்களுக்கிடையே பரிமாறுவதற்கான பொதுத் தரம்) வடிவிலோ, குறைந்தது சி.எஸ்.வி. (எளிய அட்டவணை) கோப்பாகவோ வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை, மருந்தின் அளவு, பரிசோதனை அலகு, தேதி (03/04 என்பது ஏப்ரலா, மார்ச்சா?) ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் சரியாக வருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது பதிவுகளை இவ்வடிவில் விற்பனையாளர் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற பொதுவான நிபந்தனை வாசகத்தை மருத்துவர் சங்கங்கள் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்கலாம்.