ஊழியரைத் தாங்குவோரின் வீட்டுக் கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். போதகர்களும் மிஷனரிகளும் எதையெல்லாம் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அவர்களைத் தாங்குகிறவர்கள் எதையெல்லாம் இழக்கிறார்கள் என்பது எந்தச் சபையின் ஆண்டறிக்கையிலும் வருவதில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறவர், வருகிற ஊழியருக்குத் தன் அறையை ஒழித்துக் கொடுக்கிறவர், வேலை முடிந்து வந்து இரவில் வரவுசெலவு எழுதும் பொருளாளர் என்று பலர். மனதாரத்தான் செய்கிறார்கள். வரம்பு வைக்காததால்தான் பல வீடுகளில் அது கசப்பில் முடிகிறது.

முதலில், மாதாமாதம் இவ்வளவு தருவேன் என்று அட்டையில் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிக் காணிக்கை. உருக்கமான செய்தி முடிந்த கையோடு அட்டையை நீட்டினால் யாரும் எழுதிவிடுவார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். சில மாதத்தில் பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்து காணிக்கை நிற்கும். எழுதியதைக் கொடுக்க முடியாதவர் வெட்கப்பட்டு ஆராதனைக்கே வராமல் போவார். அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ஒரு வாரம் கழித்து இருவர் கையெழுத்தோடும் வாங்குங்கள். வாடகை, கடன் தவணை, மருந்து, பெற்றோர் செலவு எல்லாம் போக, மூன்று மாதச் செலவுக்காவது சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதிய தொகை சிறிதாக இருக்கும், ஆனால் வருஷம் முழுக்க வரும். ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவதை இயேசு கண்டித்தது மாற்கு 7-ல் இருக்கிறது. காணிக்கைப் பிரசங்கங்களில் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3 கேட்கிற அளவுக்கு அது காதில் விழுவதில்லை.

இதைவிட ஆபத்து, ஜாமீன் கையெழுத்து. ஊழியருக்கு வாகனம், சபைக்கு நிலம் என்று விசுவாசி தன் பெயரில் கடன் வாங்குகிறார். ஊழியர் இடம் மாறினாலும் சபை பிளந்தாலும் வங்கி அவரைத்தான் கேட்கும். கையில் இருப்பதைக் காணிக்கையாகக் கொடுங்கள்; பிணைக் கையெழுத்து வேண்டாம். நீதிமொழிகள் 22-லும் அதே எச்சரிக்கைதான்.

பணம் ஊழியரின் சொந்தக் கணக்குக்குப் போகவே கூடாது. சபைக் கணக்கில் சேர்ந்து, இரண்டு பேர் கையெழுத்தில் சம்பளமாகவும் பயணப்படியாகவும் வெளியே வரட்டும். அப்போது கொடுத்தவர் முகம் பார்த்துப் பிரசங்கிக்க வேண்டிய நிலை ஊழியருக்கு வராது. எருசலேமுக்கான தர்மப் பணத்தை யாரும் குறை சொல்லக் கூடாதென்று பவுல் தன் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8).

சில்லறைச் செலவுகளைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எரிபொருள், அச்சுக்கூலி, தொலைபேசி எல்லாம் உதவியாளர் பையிலிருந்தே போகும். ‘காணிக்கையாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று பொருளாளர் சொல்லக் கூடாது. ரசீது வாங்கி ஒரு வாரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விருப்பமிருந்தால் அவரே அதைக் காணிக்கைப் பெட்டியில் போடட்டும். இல்லாவிட்டால் ஊழியத்தின் உண்மையான செலவு புத்தகத்தில் ஏறாது. அவர் விலகியதும் அடுத்த வருஷ பட்ஜெட்டில் துண்டு விழும்.

அடுத்தது நேரம். ஒலிபெருக்கியைக் கவனிப்பவரும் வாகனம் ஓட்டுபவரும் நிம்மதியாக ஒரு செய்தி கேட்டு எத்தனை நாளாயிற்று என்று விசாரித்துப் பாருங்கள். ‘அண்ணன் பார்த்துக்குவார்’ என்ற நம்பிக்கையே அவரைச் சாய்க்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆளைப் பழக்கி, மாதம் ஒரு ஞாயிறாவது பொறுப்பே இல்லாமல் உட்காரவிட வேண்டும். யாத்திராகமம் 17-ல் மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும், ஒருபுறத்துக்கு ஒருவராகத்தான் தாங்கினார்கள்.

ஊழியர் வீட்டு நோய், சண்டை, நெருக்கடி எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க முடியாத பாரமும் இவர்களுக்கு உண்டு. அந்த ரகசியம் காக்கப்பட வேண்டியதே. பணக் கையாடலும், பிள்ளைகளிடம் அத்துமீறலும் அந்தக் கணக்கில் சேராது; முன்னதை மூப்பர் குழுவிடமும், பின்னதை நேரே காவல்துறையிடமும் சொல்லியாக வேண்டும்.

பொருளாளர் பதவிக்கு மூன்று வருஷம் போதும். கடைசி மாதம் புதியவரோடு சேர்ந்து உட்கார்ந்து வங்கிப் புத்தகம், ரசீதுக் கோப்பு, கடவுச்சொற்களை ஒப்படைக்கட்டும். அப்படி விலகியவரை மறுமாதமே கட்டடக் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு சபைப் பொருளாளர்