பாப்பாவை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. ஆனி பிறந்ததும் பாப்பாவோடு மேடவாக்கம் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாய். கூடவே அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். சனிக்கிழமை காலை வண்டலூர், மதியம் கோளரங்கம், சாயங்காலம் மெரினா. ஞாயிற்றுக்கிழமை முதலைப் பண்ணை, அப்படியே மாமல்லபுரம். மூன்றரை வயசுப் பிள்ளைக்கு இது சுற்றுலா இல்லையப்பா, தண்டனை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, திரும்பி வந்து திறக்கும்வரை மொத்தம் மூன்று மணி நேரம். போன இடத்தில் ஒன்றரை மணி. இதுதான் அவள் கணக்கு. அதற்கு மேல் போனால் பிள்ளை அசந்துபோகும்; நம் கண்ணுக்கு அது அடமாகத் தெரியும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு இடம், அந்த இடத்திலும் ஒரு விஷயம். வண்டலூர் 600 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. யானையை மட்டும் பார்த்துவிட்டு வா. புலிக்கு இன்னொரு நாள் போகலாம். செவ்வாய்க்கிழமை வண்டலூரும் கிண்டி சிறுவர் பூங்காவும் மூடியிருக்கும், எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோளரங்கத்தை அவளுக்கு ஆறு வயசாகும்வரை மறந்துவிடு. திடீரென்று இருட்டாகி, தலைக்கு மேலே குரல் முழங்கினால் பாதிப் பிள்ளைகள் அழுதுவிடும்.

இன்னொன்று. நர்சரியில் நாலு பருவம் என்று ஒரு சார்ட் மாட்டியிருப்பார்கள். அதில் பனிமனிதன் ஒருவன் கழுத்தில் துண்டோடு நிற்பான். அவனை நம் ஊரில் எங்கே போய்க் காட்டுவாய்? அவள் பார்க்க வேண்டியது இந்த ஊரின் மாதங்களை. குடியிருப்புக்குள் ஒரு வாதாம் மரம் இருந்தால் அதை அவளுடைய மரம் ஆக்கிவிடு, மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தை, மாசியில் அந்தப் பெரிய இலைகள் சிவந்து உதிரும். நம் இலையுதிர் காலம் அதுதான்.

நீங்கள் வருகிற நேரத்தில் வெயில் இன்னும் தணிந்திருக்காது. அடுத்து ஆடிக் காற்று. கையில் ஒரு காகிதக் காற்றாடி போதும். 15 சென்டிமீட்டர் சதுரம், நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு வெட்டு. காகிதத்துக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு மணி கோக்க மறந்தால் இரண்டும் உரசிக்கொண்டு சுற்றாது. நூல் காத்தாடி இப்போது வேண்டாம். மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் விடுகிறவர்கள் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது கழுத்தை அறுக்கும், ஆகையால் பைக்கில் பாப்பாவை முன்னால் உட்கார வைக்காதே.

ஆவணியில் பிள்ளையார். தெருவோரம் அச்சில் போட்டு விற்கிறவரிடம் பொம்மைக்குப் பதில் அரைக் கிலோ ஈரக் களிமண்ணாகக் கேட்டு வாங்கு. தொப்பைக்கு ஆரஞ்சுப் பழ அளவு, தலைக்கு எலுமிச்சை அளவு, கைகால் தும்பிக்கைக்கு விரல் பருமனில் உருட்டல். அவளே உருட்டட்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஒட்டுகிற வேலை உன்னுடையது. இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண்ணைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் காய்ந்ததும் தும்பிக்கைதான் முதலில் விழும். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் சீக்கிரம் சுருங்கி வெடிக்கும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும்.

கண்ணுக்குக் குன்றிமணி வைக்கிற வழக்கத்தை மட்டும் இந்த வீட்டில் விட்டுவிடுவோம். சிவப்பும் கறுப்புமாக மிட்டாய் போல இருக்கும், ஆனால் கடித்து மென்றால் கொடிய விஷம். மிளகு வை, அதையும் நீயே அழுத்து. இந்த வயசில் கையில் கிடைத்தது மூக்குக்குள் போகும். எருக்கம்பூ மாலையை அவள் கையில் கொடுக்காதே. அதன் பால் பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண் புண்ணாகிவிடும்.

கரைப்பதற்கு வாளித் தண்ணீர் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நன்றாகக் காய்ந்த பிள்ளையார் தண்ணீரில் வைத்த சில நிமிடத்திலேயே பொலபொலவென்று உதிர்வார். ஈரம் மிச்சமிருக்கிறவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சின்ன உருண்டைகளாகக் காய்ந்தது ஒன்று, ஈரமானது ஒன்று போட்டுக் காட்டு. அரை மணி நேரம் வாளியை விட்டு நகர மாட்டாள்.

நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை பார்க்க வாரநாள் காலையில் போங்கள், சாயங்காலக் கூட்டத்தில் அவளுக்குப் பெரியவர்களின் முழங்கால்தான் தெரியும். கொலுவில் அவளுடைய பங்கு பார்க். படிக்குக் கீழே தரையோடு அமைப்பது, அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும். புல்லுக்கு வெந்தயம் விதைப்போம், கொலு வைப்பதற்கு ஆறு ஏழு நாள் முன்னால். அதற்கும் முன்னால் ஒரு சோதனை. சமையலறை டப்பாவிலிருந்து பத்து வெந்தயம் எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொல். இரண்டு நாளில் ஏழெட்டாவது முளைத்தால் அந்த வெந்தயம் ஆகும். மூன்று நாலுதான் என்றால் பழைய சரக்கு. பாப்பாவுக்கு எண்ணிப் பழகினாற்போலவும் ஆச்சு.

அடியில் ஓட்டை போட்ட தட்டில் இரண்டு விரற்கடை மண். ஒரு பெரிய நோட்டுப் புத்தக அளவுத் தட்டுக்கு, ராத்திரி முழுக்க ஊறிய வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, முளை தெரியும்வரை ஈரத்துணி மூடி வை. தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும். பிள்ளைகள் டம்ளரோடு கவிழ்த்துவிடும். விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடி நடுவில் வழுக்கை விழும். ஓட்டையில்லாத தட்டானால் நீர் தேங்கி வெள்ளைப் பூஞ்சை பிடித்து நாறும். சீக்கிரமே விதைத்தால் பூஜைக்குள் நெட்டையாகி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கேழ்வரகு இன்னும் மெல்லிசாக, நிஜப் புல் போலவே வரும், ஆனால் எறும்பு ஒன்றுவிடாமல் தூக்கிப்போகும். குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வேண்டாம், ஒரு எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்தால் போதும். சுண்டல் தரும்போது கடலையை விரலால் நசுக்கிக் கொடு. முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் மூச்சுக்குழாயில் போய் அடைக்கிற வயசு இது.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. வெளியே போக முடியாத நாட்களுக்கு ஒரு மழைமானி செய்து வை. பக்கம் நேராக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி, தலைகீழாக அதன்மேலேயே புனல் போல் கவிழ்க்க வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடு. அதுதான் பூஜ்யம். மொட்டை மாடியில் நாலு பக்கமும் திறந்த இடத்தில் வை. சன்ஷேடுக்குக் கீழே வைத்தால் மழை வராது, சுவரை ஒட்டி வைத்தால் சொட்டுகிற தண்ணீரும் சேரும். வானிலை நிலையத்தில் காலை 8.30க்கு அளப்பார்கள், நீங்களும் அதே நேரத்துக்கு அளந்து, தண்ணீர் உயரத்துக்கு ஒரு நீலக் காகிதத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் பேப்பரில் நுங்கம்பாக்கம் எத்தனை, மீனம்பாக்கம் எத்தனை என்று பார்த்தால், ஒரே ஊரில் உங்கள் மாடியில் பெய்தது வேறு என்று நீயே அசந்துபோவாய். அளந்ததும் கோடுவரை விட்டு மிச்சத்தைக் கொட்டிவிடு. மழை ஓய்ந்துவிட்டால் முழுக்கவே கவிழ்த்து வை, இல்லாவிட்டால் அதில் கொசு முட்டையிடும்.

தெருத் தண்ணீரில் இறக்காதே. மூடி திறந்த சாக்கடை கண்ணுக்குத் தெரியாது, எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான். கப்பல் விட பெரிய பேசின் போதும். கப்பலின் வெளிப்பக்கம் முழுக்க மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் ஊறாது.

மார்கழிக் காலையில் அவளுக்குக் கோலம் இழுக்க வராது, விரலிடுக்கில் மாவு நிற்காது. மூன்றுக்கு மூன்று புள்ளி நீ வை, அந்தப் புள்ளிமேல் அவள் பூ வைக்கட்டும். பச்சரிசி மாவு நல்லது. கல் மாவு பறந்து கண்ணில் விழும். போகியன்று புகை அடங்கும்வரை ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திரு, போகி மேளம் மட்டும் வாங்கிக் கொடு, அந்தச் சத்தத்தை நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும். காணும் பொங்கலுக்கு மெரினா கூடவே கூடாது. பிள்ளைகள் கையில் போலீஸார் பட்டை கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம்.

பறவை பார்க்க வேடந்தாங்கல்வரை இந்த வருஷம் போக வேண்டியதில்லை, பள்ளிக்கரணை உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே என்று சொல்லலாம். 2022ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். மார்கழி, தையில் பூநாரையும் கூழைக்கடாவும் நிற்கும். பைனாகுலர் இந்த வயசுக் கண்ணுக்குப் பொருந்தாது. அட்டைக்குழாய் ஒன்றை ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கச் சொல், பார்வை ஒரு இடத்தில் நிற்கும்.

மாசி, பங்குனியில் ஆமைக் குஞ்சு. பெசன்ட் நகர்க் கரையில் 1988 முதல் மாணவர்கள் நடத்துகிற ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ராத்திரி முழுக்க மணலில் நடந்து முட்டை தேடுவது பெரியவர்கள் வேலை. குஞ்சு விடுகிற சாயங்காலம் அவளுக்கு ஏற்றது. செல்போன் லைட்டைப் போடாதே. வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கேதான் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் திரும்பிவிடும்.

சித்திரையில் காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்துக்கு மேல், அவ்வளவுதான். சறுக்குமரத்தில் ஏற்றுமுன் உன் புறங்கையை ஐந்து எண்ணும்வரை வைத்துப் பார். கடலில் கணுக்காலுக்கு மேல் இறக்காதே, நம் கரை சட்டென்று ஆழமாகும். அலை வந்து தொடுகிற இடத்துக்குச் சற்று மேலே குழி தோண்டிக் கொடு, அலை வந்து நிரப்பிவிட்டுப் போகும்.

நுங்கு வந்துவிட்டால் வண்டி செய்யலாம். மேலே மட்டும் சீவி, சுளை எடுத்த இரண்டு காய்கள், ஒரே அளவில். ஒன்று பெரிசானால் வண்டி ஒரு பக்கமே திரும்பும். ஒரு அடிக் குச்சியின் இரண்டு முனையிலும் காயை நடுவில் குத்தி இறக்கு. கவட்டையாகப் பிரிகிற வேப்பங்கிளை ஒன்றை அவள் நெஞ்சு உயரத்துக்கு நறுக்கி, கவட்டையை அச்சுக்குச்சி மேல் வைத்துத் தள்ளச் சொல். நாலைந்து நாளில் காய் சுருங்கி ஆடும், அப்போது அடுத்த நுங்கு. சுளையை முழுசாகக் கொடுக்காதே, வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும், நறுக்கிக் கொடு.

ரெயின்கோட் வாங்காதே. இந்த ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து நனைந்துவிடுவாள். முனை மழுங்கின சின்னக் குடை ஒன்று மாட வீதியில் நானே வாங்கி வைக்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று அவளைக் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா