அப்பாவுக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து

கொழும்பு
11.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே சித்தாலேப என்று ஒரு தைலம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வரும்போது நாலு டப்பா வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மே ஒன்றாம் தேதி பிரேமதாசா சிலைக்கு முன்னால் எடுத்து நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "அந்த ஆளுக்குச் சிலையா? அதுக்கு முன்னால நின்னு நீ போட்டோ வேற எடுக்கியா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டீர்கள். மறுநாள் கூப்பிட்டேன். அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. பத்து நாளாக அதே பதில்தான். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்கமாட்டீர்கள். பட்டாளத்துக்கு வந்த கடிதங்களை எல்லாம் இன்றுவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவர் நீங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருக்கும் இடத்தை முதலில் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வீட்டின் மாடியில் ஒரு அறை. காலையில் எழுந்தால் ஒரு பக்கம் மாதா கோயில் மணி, இன்னொரு பக்கம் கோயில் நாதஸ்வரம், கொஞ்சம் முன்னால் பள்ளிவாசல் பாங்கு. கடையில் தமிழிலேயே பேசலாம். ரொட்டிக்குப் பாண் என்கிறார்கள், பால் ஊற்றாத டீக்குப் பிளேன்டீ. ஆபீஸில் மட்டும் சிங்களம் வேண்டும். ஒன்றேகால் வருஷத்தில் கணக்கு வழக்கு பேசுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டேன். கார்மெண்ட்ஸ் கம்பெனி என்பதால் மாதம் இரண்டு முறை வெளியூர்த் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டும். அதில் ஒன்று 1992-இல் தொடங்கியது. கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்று அன்றைய ஜனாதிபதி போட்ட திட்டத்தில் வந்தது. நீங்கள் பெயரைச் சொல்லவே விரும்பாத அதே பிரேமதாசாதான்.

அவர் இந்தப் பக்கத்து ஆள், அப்பா. வாழைத்தோட்டத்தில் பிறந்தவர். நான் பஸ் ஏறும் ஆமர் வீதிச் சந்தியில்தான் 1993 மே 1 அன்று குண்டு வெடித்தது. கட்சியின் மே தின ஊர்வலத்துக்கு நடுவில் நின்றவரை விடுதலைப் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி கொன்றார். சுற்றி நின்ற பலரும் செத்தார்கள். இப்போது அங்கே திரீவீல்களும் இரும்புக் கடைகளும்தான். சிலை புதுக்கடையில் இருக்கிறது.

என்னை அங்கே கூட்டிப்போனவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் பெரியவர். ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். தோட்டம் என்றால் நம்மூர்த் தோட்டம் இல்லை. ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்தும், அதன் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளும். கொழும்பில் அதற்குத் தோட்டம் என்றுதான் பெயர். ஒருநாள் துணி வாங்கப் போனபோது பாலிதீன் கவரில் மடித்து வைத்த ஒரு தாளைக் காட்டினார். வீட்டுக் காணியின் உறுதி, நம்மூரில் பத்திரம் என்போமே, அது. முழுவதும் சிங்களத்தில் தட்டச்சு செய்தது. அவருக்குச் சிங்களம் பேச வரும், படிக்க வராது. ஆனால் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். இஸ்திரிச் சூட்டில் நுனி காய்ந்துபோன விரலை அந்த வரியில் வைத்து, "இந்தா மகள், இது நான்" என்றார். நாற்பது வருஷமாக விரல் வைத்து வைத்து அந்த இடத்தில் மட்டும் எழுத்து மங்கியிருந்தது.

பிரேமதாசா பிரதமராக இருந்தபோது முதலில் ஒரு லட்சம் வீடு, பிறகு 1984-இலிருந்து பத்து லட்சம் வீடு என்று திட்டம் போட்டிருக்கிறார். அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பதைவிட, சின்னக் கடன் கொடுத்து அவரவர் வசதிக்குத் தக்க அவரவரே கட்டிக்கொள்ள விட்டதுதான் அதில் பெரிய விஷயம். நகரத்துத் தோட்டங்களுக்குக் குழாயும் கக்கூஸும் காணி உரிமையும் வந்தன. "அந்த மனுஷன் காலையில நாலு மணிக்கு எழும்பிருவாரு. எங்கட ஆக்கள மனுஷரா மதிச்சாரு" என்று பெரியவர் சொல்லும்போது நான் என்ன பதில் சொல்ல முடியும்? வருஷா வருஷம் மே 1 அன்று குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, ஒரு முழம் பூவோடு சிலைக்குப் போகிறார். இந்த வருஷம் நானும் போனேன். அப்போது எடுத்த போட்டோதான் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் வீட்டுக் கதையில் மயங்கிவிட்டதாக நினைப்பீர்கள். ஆபீஸில் என் பக்கத்து மேசையில் மாத்தறை ஊர் அக்கா ஒருவர். (சிங்களத்திலும் அக்கா அக்காதான், மாமா மாமாதான்.) போன அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, "என்னோட ஒரு இடத்துக்கு வா" என்று கூப்பிட்டார். 240-ஆம் நம்பர் நீர்கொழும்பு பஸ்ஸில் சீதுவ போய், ரத்தொலுவ சந்தியில் இறங்கினோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. சுவர் நிறையப் படங்கள். அக்கா கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். அவருடைய தாய்மாமா. பத்தொன்பது வயது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, அதனால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. தோள்பட்டைக்கு மேல் அரை வட்டமாக அரசாங்க முத்திரை. அந்தப் பையனை அரசாங்கம் பதிந்து வைத்ததற்கும் அதுதான் சாட்சி. 1989 கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை வெளியே கூப்பிட்டார்களாம், அவ்வளவுதான்.

ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி நடந்த காலம் அது. அவர்களும் கொஞ்சமாகக் கொல்லவில்லை என்பதை அக்காவே சொன்னார். வோட்டுப் போட்டதற்காக அவர்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சுட்டார்களாம். ஆனால் அதை அடக்குகிறேன் என்று பிரேமதாசா ஆட்சியில் நடந்ததற்கு அளவே இல்லை. ரோட்டோரம் டயரில் எரிந்த உடல்கள், ஆற்றில் மிதந்த உடல்கள், பல்லாயிரம் பேருக்கு இன்றுவரை பதில் இல்லை. 1990 பிப்ரவரியில் ரிச்சர்ட் டி சொய்சா என்ற பத்திரிகையாளரை வீட்டிலிருந்து தூக்கிப்போய்க் கொன்றார்கள். அவருடைய அம்மா மனோராணி சரவணமுத்து தமிழர், டாக்டர். மகனை இழந்தபின் சிங்களக் கிராமத்து அம்மாக்களோடு சேர்ந்து அன்னையர் முன்னணிக்குத் தலைமை தாங்கினார். இதை எல்லாம் இங்கே வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். இலங்கை என்றால் தமிழர் செத்த கதை மட்டும்தான் நம்மூரில் எங்களுக்குத் தெரியும்.

பிரேமதாசா இறந்த செய்தி கேட்டுப் பட்டாசு வெடித்த இடங்கள் உண்டு, பாற்சோறு பொங்கியவர்களும் உண்டு. அக்கா வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "பாட்டி பொங்கலை. இனி யாருக்கிட்ட போய்க் கேட்கிறதுன்னு அழுதா" என்றார் அக்கா. அன்று வேட்டையாடப்பட்ட கட்சியின் தலைவர்தான் போன செப்டம்பரிலிருந்து இந்த நாட்டின் ஜனாதிபதி. அந்த மாமாவின் படம் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

மே ஒன்றாம் தேதி புதுக்கடையில் நான் நின்ற நேரத்தில் காதில் விழுந்ததெல்லாம் வீடு, ஜனசவிய என்ற அவருடைய வறுமை ஒழிப்புத் திட்டம், தொழிற்சாலை. 1989 பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது, அப்பா. செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று ஆச்சி சொல்வாள். வீட்டு மனிதருக்கு அது சரி. நாட்டை ஆண்டவருக்கு அது பொருந்தாது. சாவு வந்ததும் கணக்கை மூடிவிட்டால், அந்தப் பாட்டி கேட்ட கேள்வியையும் சேர்த்துத்தான் மூடுகிறோம்.

உங்கள் கணக்கும் அதில் இருக்கிறது. 1989 ஜூனில், இந்திய அமைதிப்படை ஜூலை முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னபோது நீங்கள் திருகோணமலையில் இருந்தீர்கள். அவருடைய அரசாங்கம் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்ததையும், கூட இருந்த சிவகாசிக்காரர் கடைசி மாதங்களில் கண்ணிவெடியில் போனதையும் நீங்கள் ஒரே மூச்சில்தான் சொல்வீர்கள். 1990 மார்ச்சில் கப்பலில் திரும்பியபோது, வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி வரவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் தாழ்ந்துவிடும். அந்தக் கோபத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. துரோகி என்ற ஒரு சொல்லோடு அவரை முடித்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஏன் என்றால், இதே வீட்டில் உங்களையும் ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம்.

இதுதான் போனில் சொல்ல முடியாதது.

நான் வந்த புதிதில், அப்பா என்ன வேலை என்று அன்ரி கேட்டார். ரிட்டையர்டு மிலிட்டரி, இந்தப் பக்கம்கூட வந்திருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். அன்ரி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். உரலை அப்படியே தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவருடைய மகள்தான் மாடிக்கு வந்து சொன்னார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியன் ஆமி முன்னேறிய நாட்களில், அன்ரியின் அண்ணா சொந்த வீட்டு வாசலில் சுடப்பட்டார். கையில் கிணற்று வாளி இருந்ததாம். மூன்று நாள் உடலை எடுக்க முடியவில்லையாம். அதே அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியப் படையால் கொல்லப்பட்டார்கள். நீங்கள் யாழ்ப்பாணம் போகவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரவு அதைப் போய் அன்ரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அன்ரி இடியப்பமும் சொதியும் சம்பலும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கட்டிய பெட்டியைப் பார்த்தார். "நீர் உம்மட அப்பாவைப் பற்றி நல்லதாத்தான் சொல்லோணும். நான் என்ர அண்ணாவைப் பற்றிச் சொல்லுவன். அதுக்காக நீர் சாப்பிடாமப் போக ஏலாது" என்றார். அதன் பிறகு எத்தனையோ முறை அவர் அண்ணாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான் ஒருமுறைகூடக் குறுக்கே பேசியதில்லை. உங்களைப் பற்றி நான் சொல்லும்போதும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். திருகோணமலையில் குழந்தைகளுக்கு உங்கள் ரேஷன் பிஸ்கட்டைக் கொடுப்பீர்கள் என்று நீங்கள் சொன்ன கதையை அன்ரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

அதனால்தான் அந்தச் சிலைக்கு முன்னால் என்னால் நிற்க முடிந்தது. இஸ்திரிப் பெரியவரின் பக்கத்தில் நின்றபோது, அக்காவின் மாமாவையும் உங்கள் சிவகாசிக்காரரையும் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. பெரியவரிடம் சீதுவச் சுவரைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் சும்மா இருந்தார். "அதுவும் நடந்துதான் மகள்" என்றார். பூவைத் திரும்ப எடுக்கவில்லை, வைத்தது வைத்தபடியே இருந்தது. அடுத்த அக்டோபரில் வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றிருக்கிறார்.

சரி, ஒரு காரியம் கேட்க வேண்டும். பத்தரமுல்லையில், பார்லிமெண்டுக்குக் கிட்ட, அமைதிப்படை வீரர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. போன மாதம் மோடி வந்தபோது மலர்வளையம் வைத்தது அங்கேதான். ஏறக்குறைய 1,200 பெயர்கள் கல்லில் பொறித்திருக்கிறார்கள். உங்களைப் போகச் சொன்னவரின் நாட்டிலேயே அந்தக் கல் இருக்கிறது, அப்பா. நான் இன்னும் போகவில்லை. யார் பெயரைத் தேடுவது என்று தெரியாமல் போக மனம் வரவில்லை.

சிவகாசிக்காரரின் முழுப் பெயர், அவர் நம்பர், ரெஜிமெண்ட், எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். வீட்டில் அவரை நாம் ஊர்ப் பெயரால்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். பட்டாளத்தில் எப்படி எழுத்துக்கூட்டி எழுதுவார்களோ அப்படியே ஆங்கிலத்தில் வேண்டும். வேறு யார் பெயரைத் தேட வேண்டுமோ அவர்களுடையதும். பூ வாங்கிப் போகிறேன். அன்ரியிடம் சொன்னேன், பஸ் மாறுகிற இடம் எனக்குத் தெரியாது என்று அவரும் கூட வருகிறாராம்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் மகள்