அந்த வாட்ச்மேனுக்கு எந்த ஊர்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நாவலின் 140 பக்கங்களையும் படித்து முடித்துவிட்டேன். இங்கே நீலகிரி மலையில், பந்தலூரில் பத்து நாளாக விடாத மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் கடைசி 30 பக்கங்களை மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் படிக்க முடிந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை நாவல் எழுதியிருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில், மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் கதாநாயகன் வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். காலையில் வேலைக்குப் போகிறான், இரவு பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறான், தூக்கம் வராமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். அவன் தனிமையில் வாடுகிறான் என்று நீ பதினொரு இடத்தில் சொல்கிறாய். ஓரிடத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். கதையில் அவனைத் தவிர ஆளே இல்லை. எதிர் வீட்டுக்கு ஒரு கதவு இருக்கிறது. அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நீயும் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் கேன் கொண்டுவருகிற பையனுக்கு முகம் கிடையாது. வாட்ச்மேனுக்கு ஊர் கிடையாது. அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் ஒருவர் கண்ணிலும் நாம் படவில்லையே என்பதல்லவா பட்டணத்துத் தனிமை? அந்த அத்தனை பேரில் நான்கு பேரையாவது எழுதினால்தானே அது எனக்குத் தெரியும்?

புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' நினைவிருக்கிறதா? வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். சென்னை நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். ஊர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சின்னக் குழந்தை மட்டும் அவரைப் பார்க்கிறது. அந்தப் பார்வை ஒன்றை வைத்ததால்தான், பார்க்காமல் போகிற மற்ற எல்லோரும் நமக்குத் தெரிகிறார்கள். வாசித்து முடித்தபோது நீங்கள் யாரும் பேசவில்லை. மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஆதவன் டில்லியை எழுதினார். அவருடைய ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பேசப் பேச ஒருவரைவிட்டு ஒருவர் விலகிக்கொண்டே போவார்கள்.

ஆனால் நீ இப்போதே எடுத்துப் படிக்க வேண்டியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1970களில் வந்த சிறிய நாவல், ஒரு மாலையில் முடித்துவிடலாம். சென்னையில் ஒரு தெரு, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. யார் வீட்டில் எப்போது தண்ணீர் வரும் என்பதே தெருவின் பேச்சு. எல்லோர் கையிலும் குடம். ஜமுனாவும் குடத்தோடுதான் நிற்கிறாள், தோளோடு தோள் உரசும் கூட்டத்தில். ஆனால் அவளுக்கென்று யாரும் இல்லை. கூடவே இருந்த தங்கை சாயாவும் போய்விட்ட பிறகு, உயிரே வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு ஒடிந்துபோகிறாள். அப்போது பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா அவளிடம் பேசுகிறார். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று தேன் தடவுகிற பேச்சு இல்லை அது. தான் படுகிற பாட்டைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்தப் பேச்சு ஜமுனாவைப் பிடித்து நிறுத்துகிறது. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். உன் மூன்றாவது மாடியில் அப்படி ஒரு டீச்சரம்மாவை நீ குடி வைக்கவே இல்லை.

அடுத்தது அந்தக் கடைசி 30 பக்கங்கள். அவன் பஸ் ஏறி மலைக்கு வருகிறான், பனி மூட்டமும் தேயிலைத் தோட்டமும் அவன் நோவைத் தீர்த்துவிடுகின்றன. எனக்குக் கோபமே வந்துவிட்டது தம்பி. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்தவன் நீ, அதையா இப்படி எழுதுகிறாய்?

1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. தலைமன்னாரில் கப்பலேறி வந்த உன் பாட்டி, அக்காவை ஹட்டன் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். கடிதத்துக்குப் பதில் வருவது நின்ற பிறகும் தீபாவளிக்கு இரண்டு சேலை எடுத்தார், தனக்கொன்று, அக்காவுக்கொன்று. அவர் போன பிறகு அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தபோது நானும் இருந்தேன். மடிப்புக் கலையாத பதினேழு சேலைகள், நடுவே அந்துருண்டை. மேலே இருந்த சேலையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. இந்த மலையில்தான், இந்தப் பனியில்தான் அவர் நாற்பது வருடம் இருந்தார்.

இப்போது உங்கள் வரிசையில் எட்டு வீட்டில் மூன்றில்தான் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து யாரும் வாசலில் இறங்குவதில்லை. போன மாதம் ஒரு ராத்திரி, அடுத்த வீட்டுப் பெரியவர் வீட்டில் விளக்கு எரியவில்லை. ஜன்னலில் நின்று மூன்று முறை பார்த்தேன். போகவில்லை. விடிந்ததும் ஓடினேன். காய்ச்சலில் சுருண்டு கிடந்தார், இரவு முழுக்கக் கூப்பிட்டதாகச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.

அந்த 30 பக்கங்களை எடுத்துவிடு. அவன் மலைக்கு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்து அந்தப் பெட்டியைத் திறக்கட்டும்.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. மழைக்கு ஈரம் ஏறாமல் கட்டில்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. அதற்கு முன்னால் உங்கள் வாட்ச்மேனுக்கு எந்த ஊர் என்று கேட்டு, எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
டீச்சர்