குடிலும் மரமும் வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸுக்காகப் புதுச்சேரிக் கடைகளில் நட்சத்திர விளக்குகளும் குடில் பொம்மைகளும் நிறைந்துவிடுகின்றன. இவை யாவும் இயேசு பிறந்த காலத்திலிருந்தே தொடர்பவை என்று எங்கள் தெருப் பிள்ளைகள் நம்புவதைக் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

குடில் வழக்கம் பரவக் காரணமானவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில், பெத்லகேமின் எளிமையை மக்கள் கண்ணாலேயே காண வேண்டும் என விரும்பிய அவர், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்து அங்கேயே திருப்பலி நடக்கச் செய்தார். நற்செய்தி நூல்கள் கூறும் பிறப்பு வரலாற்றில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

அலங்கார மரமோ ஜெர்மன் மொழி வழங்கிய பகுதிகளின் வழக்கம். 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் ஆப்பிள்களையும் காகித ரோஜாக்களையும் மரத்தில் தொங்கவிட்டதாகக் குறிப்பு உள்ளது; கண்ணாடி உருண்டைகள் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா ஊர்த் தொழிலாளர்கள் ஊதிச் செய்தவை. நம் ஊர் பேக்கரிகளில் கிடைக்கும் மரக்கட்டை வடிவக் கேக்கு, ஐரோப்பியர் கிறிஸ்துமஸ் காலத்தில் கணப்பில் எரித்த பெருங்கட்டையின் நினைவாகும்.

கிரேச்சோவின் குடில் அந்த ஊர் வைக்கோலாலும் கால்நடைகளாலும் அமைந்தது. வில்லியனூர் சுடுமண் சிற்பமும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றிருக்கும் நிலையில், நம் ஆலயங்களும் பள்ளிகளும் குடில் உருவங்களை இக்கைவினைஞர்களிடமே செய்து வாங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.